எலுமிச்சம்பழப் பிரபஞ்சம்

"ஊது நைனா, ஊது! நம்ம பிரபஞ்சம் இன்னும் எலுமிச்சம்பழம் சைசுலயே கீது!"

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டிய பள்ளி. பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் துளசிராமன் ஒரு பலூனில் மைப்புள்ளிகள் வைத்துக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நட்சத்திரக் கூட்டமாம். பலூன் உப்ப உப்பப் புள்ளிகள் விலகும். பிரபஞ்சம் விரிவதும் அப்படித்தானாம்.

லாரியையே தள்ளிவிடுவான் போலிருந்த தீனா ஊதினான். இருமினான். பலூனை முரளியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான்.

"இன்னாடா இது! கோடானுகோடி வருசமா விரிஞ்சிக்கினு வந்தது, உன் கையில வந்து குந்திக்கிச்சே!" என்றார் துளசிராமன்.

வகுப்பு சிரித்தது. சிரித்த வகுப்பு, முழுசாக இருமி முடிக்க மூன்று நிமிடம் ஆனது.

பின்வரிசையில் செல்போனைப் பிடித்தபடி நின்றார் பூவராகவன், பக்கத்து ரசாயன ஆலையின் அதிகாரி. மறுநாள் ஆலையின் இரண்டாவது புகைபோக்கிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். பிள்ளைகள் நலமாக இருப்பதை ஊருக்குக் காட்ட, வகுப்பை நேரலையில் விட்டிருந்தார்.

பிரபஞ்சம் நாற்பத்திரண்டு வாய்களைச் சுற்றி வந்தது. எலுமிச்சை எலுமிச்சையாகவே இருந்தது.

"பலூன் மட்டம் சார்," என்றார் பூவராகவன்.

"நீங்களே ஒரு தபா ஊதுங்களேன். ரோஜா, சாரோட போனைப் புடிம்மா."

ஒரே மூச்சு. பூசணிக்காய் அளவில் பிரபஞ்சம்! புள்ளிகள் திசைக்கொன்றாக விலகின.

"பாத்தீங்களா? ஊதத் தெரியணும்!"

"பேஷ்! இங்க வந்து எத்தினி நாளாச்சு சார்?"

"போன திங்கக்கிழமைதான் சேர்ந்தேன். சொந்த ஊர் ஊட்டி."

அவர் கைகுலுக்கிவிட்டுப் போனதும் தீனா தலை குனிந்தான். "உங்க மானத்த வாங்கிட்டோம் சார். இந்நேரம் ஊரு பூரா வாட்ஸ்அப்புல சுத்திக்கினு இருக்கும்."

"சுத்தட்டும்டா."

"சார், இந்தப் பாடம் புக்குல எத்தனாவது பக்கம்?" என்றாள் ரோஜா.

"புக்குலயே இல்லம்மா. நான் பாடமா எடுத்தேன்? பரீட்சை வெச்சேன். நாப்பத்திரண்டு பேரும் ஃபெயிலு."

பிள்ளைகளின் மூச்சு கெடுகிறது என்று துளசிராமன் மூன்று வருடமாகப் போட்டு, 'ஆதாரம் இல்லை' என்று திரும்பிய மனுவை மேசையிலிருந்து எடுத்தார். அதன் அடியில் அந்த நேரலையின் முகவரியை எழுதினார்.