மாறுகண் வாத்து

“ஊர்ல உங்களுக்கு வேற கடையே கிடைக்கலையா? போயும் போயும் உங்கம்மா வாடிக்கையா போற பழைய சாமான் கடையிலயா அந்த வாத்தைக் கொண்டுபோய்ப் போட்டீங்க?”

கணவன் தலையைச் சொறிந்தான். “பழைய பெட்டிதானேன்னு அப்படியே தூக்கிக் குடுத்துட்டேன். அலமாரியைத் துடைக்க நீ வாத்தை அதுக்குள்ள எடுத்து வெச்சதைப் பார்க்கலை.”

“நாளைக்கு அத்தை சாப்பிட வர்றாங்க. வந்ததும் அலமாரியைத்தான் பார்ப்பாங்க. தூக்கிப் போட்டது மகன், பழி விழறது மருமக தலையிலயா?”

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. மாமனார் போன பிறகு அத்தைக்குத் துணை பெயிண்ட் டப்பாக்கள்தான். மகனும் மகளும் தங்களோடு வந்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். “யோசிச்சுச் சொல்றேன்” என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. பழைய சாமான் கடையில் சீந்துவார் இல்லாமல் கிடக்கும் மரச் சாமான்களை வாங்கிவந்து, வர்ணம் பூசி, அலங்காரப் பொருளாக்கிவிடுவார்.

முதன்முதலாகப் பூசியது ஒரு ஜோடி மர வாத்து. பச்சைத் தலை, மஞ்சள் உடம்பு, ரத்தச் சிவப்பில் மூக்கு, போதாக்குறைக்கு மாறுகண். ஆளுக்கொன்றாக மகனுக்கும் மகளுக்கும் கொடுத்தார். வாத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும்தான். ஆனால் அதைக் கொடுத்தபோது அத்தையின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் மறக்கவில்லை.

“அம்மாவுக்கு முட்டி வலி, கடைப் பக்கமே போறதில்லை. நீ போனா கிடைச்சிடும்” என்றான் கணவன், சோபாவை விட்டு அசையாமல்.

அவள் ஓடினாள்.

“அந்த மாறுகண் வாத்தா? வித்துப்போச்சேம்மா” என்றார் கடைக்காரர்.

“ஐயோ! யார் வாங்கினாங்க?”

“யாரோ ஒரு புண்ணியவதி. அதே மாதிரி இன்னொண்ணு மூலையில கிடக்கு, பாருங்க” என்று ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

அதே உருவம், அதே கழுத்து. நிறம் மட்டும் மழை மேகம் போலச் சாம்பல். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்து உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தாள். சாம்பலுக்கு அடியில் பச்சை எட்டிப் பார்த்தது.

“இதுக்கும் பச்சை அடிச்சு வெச்சிருக்காங்க. உங்கம்மாவுக்குப் போட்டியா ஒரு ஆள் இருக்காங்க போல!”

அதற்குமேல் யோசிக்க நேரமில்லை. கணவன் செல்போனில் பழைய படத்தைக் காட்டிக்கொண்டு நாட்டாமை செய்தான்.

“மஞ்சள் இன்னும் கொஞ்சம் கண்ணைக் குத்தணும். அப்புறம், நீ வரைஞ்ச கண்ணு நேரா பார்க்குது. அம்மாவோட வாத்து ஒரு கண்ணால என்னையும், ஒரு கண்ணால உன்னையும் பார்க்கும்.”

“உங்களை ரெண்டு கண்ணாலயும் பார்த்திருக்கணும். பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருக்க மாட்டீங்க.”

மறுநாள் அத்தை ஒரு பெரிய துணிப்பையோடு வந்தார். அலமாரியில் இருந்த வாத்தைக் கையில் எடுத்தார். திருப்பினார். மூக்குக்கு அருகில் கொண்டுபோனார்.

“ஏம்மா, பெயிண்ட் வாசனை வருது?”

அவளுக்கு வேர்த்தது. “அங்கங்க உதிர்ந்திருந்துச்சு அத்தை. நான்தான் கொஞ்சம் தொட்டு விட்டேன்.”

“நல்லாத்தான் தொட்டிருக்க” என்று சொல்லிவிட்டு அத்தை சாப்பிட உட்கார்ந்தார். அண்ணன் வீட்டு விருந்துக்குத் தாமதமாக வந்த நாத்தனார், வந்ததும் வராததுமாக அவளைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

“அண்ணி, நீங்கதான் என் மானத்தைக் காப்பாத்தணும். நாளைக்கு அம்மா எங்க வீட்டுக்கு வர்றாங்க. உங்க வாத்தை ஒரே ஒரு நாள் இரவல் குடுங்க.”

“ஏன், உன்னோடது எங்க?”

“சோபாவுக்குப் பொருத்தமா இருக்கட்டும்னு சாம்பல் கலர் அடிச்சேன். சகிக்கலை. பழைய சாமான் கடையில குடுத்துட்டேன்.”

அவள் தன் நகத்துக்குள் இன்னும் ஒட்டியிருந்த சாம்பல் பெயிண்டைப் பார்த்தாள். அலமாரியில் இருப்பது யாருடைய வாத்து என்று அப்போதுதான் உறைத்தது.

“இரவல் எதுக்குடி?”

சமையலறை வாசலில் அத்தை நின்றிருந்தார். பின்னால் மகன் திருதிருவென்று விழித்தான். துணிப்பையிலிருந்து அத்தை வெளியே எடுத்தது பச்சைத் தலை, மஞ்சள் உடம்பு, அசல் மாறுகண்.

“அம்மா, முட்டி வலி?” என்று இழுத்தான் மகன்.

“அது போன வாரமே சரியாயிடுச்சு. கடைக்குப் போனா, நான் ஆசையா பூசின ரெண்டும் ஒரே தட்டுல உட்கார்ந்திருக்கு. இதை வாங்கிட்டு, சாம்பலை மட்டும் வேணும்னே விட்டுட்டு வந்தேன். யார் தேடி வர்றீங்கன்னு பார்க்கலாம்னுதான், சாப்பிட வர்றேன்னும் சொன்னேன்.”

பெற்ற பிள்ளைகள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை அந்த வாத்தை அவள் கையில் வைத்தார்.

“இனி ஜோடியும் உன்கிட்டயே இருக்கட்டும்மா. யார் வீட்டுக்கு வர்றதுன்னு நானும் யோசிச்சு முடிச்சிட்டேன், நாளைக்கே என் பெயிண்ட் டப்பா அத்தனையும் எடுத்துக்கிட்டு இங்கேயே வந்துடறேன்!”