தோலுரிக்காத புழுக்கள்

கொட்டகை அடுக்குகளில் பட்டுப்புழுக்கள் மல்பெரி இலையை ஓயாமல் மென்றுகொண்டிருந்தன. ஆனால் ஒன்றுகூடத் தோலுரிக்கவில்லை, ஒரு நூலளவு பருக்கவுமில்லை. அருக்காணி ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“இலை வாடாம ஈரச்சாக்கு போத்துனியே, எந்தத் தண்ணீல நனைச்சே?” என்றான் கணவன் மயில்சாமி.

“ஊட்டுத் தொட்டித் தண்ணிதானுங்க.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கொசுப்புழு தன் உடம்புச் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல், வளராமலே சாகட்டும் என்று கொசு ஒழிப்பு ஆட்கள் அந்தத் தொட்டியில் மருந்து விட்டிருந்தார்கள். போன மழைக்காலத்தில் மூத்த மகளைக் கொசுக் காய்ச்சலுக்கு வாரிக்கொடுத்த பிறகு, அருக்காணியே கேட்டு விடவைத்த மருந்து.

“இப்பவே தொட்டியக் கழுவி உட்டர்றேன்” என்று எழுந்தான் மயில்சாமி.

அருக்காணி வாசலை மறித்தாள். வீட்டுக்குள் சின்ன மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“தொட்டியத் தொடாதீங்க. புழு போனாப் போவுது.”

அவள் குழியில் கொட்டியபோதும் புழுக்கள் இலையை மென்றுகொண்டேதான் இருந்தன.