கருநாக்குக் காற்றழுத்தமானி

மலையுச்சி வானிலை நிலையத்தில் ஒரு பதிவேடு இருந்தது. மறுநாள் மேலதிகாரி கையெழுத்துப் போட வருகிறார் என்பதால், மறுநாளைய பக்கத்திலும் 'வானம் தெளிவு' என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டு, மேஜைமேல் புது மாப்பிள்ளை மாதிரி சாய்ந்திருந்தது.

சுவரிலிருந்த காற்றழுத்தமானிக்கு மழை வருமுன் முள் இறங்கும். அன்று மளமளவென்று இறங்கியது. "பெருமழை வருது. ஜன்னலையாவது சாத்தச் சொல்லுங்க" என்றது.

"வாயை மூடு! அடித்தல் திருத்தலோட அதிகாரி முன்னால நான் எப்படிப் போய் நிப்பேன்?" என்று சீறியது பதிவேடு. "மரியாதையா முள்ளை மேலே ஏத்து. இல்லேன்னா உன்னை ஓட்டை உடைசலோட சேர்த்துடுவேன்."

பக்கத்தில் தொங்கிய வெப்பமானி சமாதானத்துக்கு வந்தது. "விட்டுக்கொடேம்மா. நான் ரெண்டு வருஷமா பதினெட்டுலயே நிக்கறேன். எனக்கு என்ன குறைச்சல்? ஆயுத பூஜைக்கு எனக்குத்தான் பெரிய பொட்டு."

"பொட்டுக்காகப் பொய் சொல்ல என்னால ஆகாது" என்றது காற்றழுத்தமானி. முள் இன்னும் இறங்கியது.

மறுநாள் மேலதிகாரி பேனாவைத் திறந்ததும், திறந்து கிடந்த ஜன்னல் வழியாக மழை கொட்டியது. 'வானம் தெளிவு' நீலமாகக் கரைந்து அவர் வெள்ளைச் சட்டையில் வழிந்தது.

"இந்தக் கருநாக்கு வாயைத் திறக்காம இருந்திருந்தா மழை வந்திருக்குமா?" என்று அலறியது பதிவேடு.

அதிகாரிக்கும் அது நியாயமாகவே பட்டது. சாயங்காலம் சுவரில் வெப்பமானிக்குப் பக்கத்தில் ஆணி மட்டும் இருந்தது.