காலை ஆறு மணிக் கோயில்

"ஏண்டிம்மா கவி, உன் மாமனாருக்கு ஆத்துல ஒரு வாய் காபி கூடக் கிடையாதா?"

பால் பாக்கெட்டோடு படியேறிய கவிப்ரியாவை வழியிலேயே மடக்கினாள் கீழ்வீட்டு ராஜம் மாமி.

"ஏன் மாமி?"

"இந்த டெல்லி ஜனவரிக் குளிர்ல நாய்கூட வெளியில தலை நீட்டாது. மனுஷர் ஆறு மணிக்கெல்லாம் குல்லாவை மாட்டிண்டு கிளம்பிடறார். ஏழரைக்குத்தான் திரும்பறார். காலனியே பேசறது."

"மலை மந்திருக்குப் போறார் மாமி. முருகன் கோயிலுக்கு."

"நானும் தினம் காலம்பற அங்கதானே நிக்கறேன்? ஒரு நாள் கூடக் கண்ணுல படலையே!"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கவிப்ரியா மேலே போனாள்.

காரணம் அவளுக்குத் தெரியாததா என்ன! கல்லூரி நாளிலிருந்தே அவள் வயிறு அவள் பேச்சைக் கேட்டதில்லை. டாக்டர் அதற்கு ஐ.பி.எஸ். என்று பெயர் சொன்னார். கேட்டால் போலீஸ் உத்தியோகம் மாதிரி இருக்கும். விஷயம் என்னவோ, தொட்டதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளும் குடல். பிரசவத்துக்குப் பிறகு அது இன்னும் தலைகால் தெரியாமல் ஆடியது. காலையில் மட்டும் நாலைந்து தடவை. அந்த அரசுக் குடியிருப்பில் இருப்பதோ ஒரே ஒரு கழிப்பறை.

அருவருத்துப் போய்த்தான் பெரியவர் வெளியே ஓடுகிறார். வேறென்ன?

மாலையில் கணவன் ஜெகன் ஆபீசிலிருந்து வந்ததும் சொல்லிவிட்டாள். "நான் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு மதுரைக்கே போயிடறேன்."

"என்ன பேசுற? இப்பதான் மாத்திரையை மாத்தியிருக்கு. போன வாரத்துக்கு இந்த வாரம் பரவாயில்லைன்னு நீதானே சொன்னே?"

"முழுசா எப்ப சரியாகறது? அதுவரைக்கும் உங்கப்பா தெருவுல திரியணுமா?"

"அப்பாகிட்டயே கேளேன்."

"என்னன்னு கேக்கறது? என் நாத்தம் தாங்கலையா மாமான்னா?"

ஜெகன் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் காலை பாப்பாவை அவனிடம் விட்டுவிட்டு, ஷாலைப் போர்த்திக்கொண்டு மாமனாரின் பின்னாலேயே கிளம்பினாள். நேருக்கு நேர் கேட்டுவிடுவது, அப்புறம் மதுரைக்கு டிக்கெட் போடுவது என்று முடிவு.

சிவஞானம் கோயில் பக்கம் திரும்பவில்லை. மார்க்கெட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். பனிமூட்டத்தில் ஆள் மறைந்தே போனார்.

அந்த நேரம் பார்த்து அவளுக்கு வயிறு பிசைந்தது. வீடு இருபது நிமிஷ தூரம். தாங்காது.

நல்லவேளை, மார்க்கெட் ஓரத்தில் ஒரு கட்டணக் கழிப்பறை இருந்தது. ஓட்டமும் நடையுமாக உள்ளே நுழைந்தாள்.

பத்து நிமிஷம் கழித்து, போன உயிர் திரும்பி வந்தவளாக வெளியே வந்தபோது, ஆண்கள் பக்கம் நீள வரிசை. ஆட்டோக்காரர்களுக்கும் மூட்டை தூக்குபவர்களுக்கும் நடுவில் ஒரு பழகிய குல்லா. கையில் சோப்பு டப்பா.

"மாமா! நீங்க இங்கயா?"

சிவஞானம் திருதிருவென்று விழித்தார்.

வாசலில் காசு வாங்க உட்கார்ந்திருந்தவன் இந்தியில் சொல்லிச் சிரித்தான். "பாபுஜியா? ரெண்டு மாசமா தினம் வர்றாரே பஹன்ஜி!"

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "வீட்டுலயே ஒண்ணு இருக்கறப்ப இந்தக் குளிர்ல இங்க வந்து நிக்கறீங்களே மாமா... நான் போற இடத்துக்குப் போகக்கூட அவ்வளவு அருவருப்பா?"

"சீச்சீ, என்ன பேச்சும்மா இது?" பெரியவர் பதறிப் போனார்.

சோப்பு டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் வீட்டுல இருந்தா, 'நீங்க முதல்ல போயிட்டு வாங்க மாமா'ன்னு வழி விட்டுட்டு, நீ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுவரோரமா நிக்கறே. கேட்டா, பெரியவங்களுக்கு மரியாதைங்கறே. அந்த மரியாதையைத்தாம்மா என்னால தாங்க முடியலை!"