பின்சுவர்

போன தரம் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினபோது மரத்தடியில் மழைக்கு நனைந்து கிடந்தார்கள். இந்தத் தரம் மனைவி இராசாத்தி நிறைமாதம். அதனால் நல்லரத்தினம், மீனுக்கு ஐஸ் போடும், நுரைபோல இலேசான பழைய ரெஜிபோம் பெட்டிகளை வாங்கி அறுத்துக் கம்புச் சட்டத்தில் கட்டி, இரண்டு சைக்கிள் சில்லும் பூட்டி, படுத்தெழும்பக் கூடிய வீட்டு வண்டில் ஒன்று செய்தான். பெற்றோல் கலந்த பெயின்ற் பூசப்போய்ப் பின்சுவர் கரைந்தே போயிற்று. தன்னைத் தானே ஏசிக்கொண்டு புதுச்சுவர் வைத்தான். மறுநாள் விடியவே ஷெல் விழத் தொடங்கியது.

இராசாத்தியை உள்ளே கிடத்திச் சைக்கிளில் கொழுவி இழுத்தான். வாவிக்கரை மணலில் சில்லுப் புதையுமென்று பயந்தான். புதையவில்லை. மேட்டிலும் வண்டில் தானாக ஏறியது.

பிள்ளை முகாமில் சுகமாகப் பிறந்தது. பிறகுதான் பின்சுவரைப் பார்த்தான். யாரோ தள்ளியதுபோல இரண்டு கைகள் ஆழமாகப் பதிந்திருந்தன. வலக்கையில் மூன்றே விரல்.

அவனுடைய அண்ணன் வினாயகமூர்த்திக்கு நெல்லுச் சூடடிக்கிற மெசினில் வலக்கையின் இரண்டு விரல் போனது. போன வருஷம் ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்டவன் திரும்பி வரவேயில்லை.

“வழியில ஆரும் தள்ளினாங்களா?” என்று இராசாத்தியைக் கேட்டான்.

“தெரியா. ஆனா பின்னால ‘மெல்ல, மெல்ல’ எண்டு சத்தம் வந்துகொண்டே இருந்திச்சு. நீங்கதான் எண்டு நினைச்சன்.”

நல்லரத்தினம் ஒரு வருஷத்துக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டான்.

சோறு கொண்டுவந்தவர் கேட்டார்: “எத்தின பேர்?”

“கைப்பிள்ளையோட நாலு பேர்,” என்றான்.