பூஸ்டருக்குப் புது ஹோஸ்

“முறுக்காதடா. ஹோஸை ஒரு ஸ்பேனரால பிடிச்சுக்கோ, நட்டை மட்டும் திருப்பு.”

“தெரியும்ணே,” என்றான் தம்பி, பானெட்டுக்குள் தலையை விட்டபடியே. சொல்லிவிட்டுக் கழற்றி, நேராக்கி, மறுபடி மாட்டினான். ஐம்பதைத் தொட்டுவிட்டான், அண்ணன் சொன்னதை உடனே ஒப்புக்கொள்ளும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

அப்பா ஓட்டிய பழைய கார் அது. பிரேக் மிதிக்கும்போது காலுக்குப் பலம் சேர்க்கிற பூஸ்டரில், ஆயில் போகும் இரும்புக் குழாய் அதிர்ந்து அதிர்ந்து வளைவில் விரிசல் விட்டிருந்தது. போன வாரம் ஆயில் ஒழுகி, இறக்கத்தில் நிற்காமல் ஓடிய வண்டி, பக்கத்து வீட்டு வேலியில் போய்த்தான் நின்றது. இனிமேல் வளைந்து கொடுக்கிற ஹோஸ்தான் என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார்.

“அப்பா இருந்தா இரும்புக் குழாய்தான் போட்டிருப்பார்,” என்றான் தம்பி.

“அப்பா இருந்தா நம்ம ரெண்டு பேரையும் வண்டிகிட்டயே விட்டிருக்க மாட்டார்.”

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாட்டி முடித்ததும், குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற அவன் சக்கரத்தடியில் படுத்தான். அண்ணன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

“மிதிங்கண்ணே... அப்படியே பிடிங்க... இப்ப விடுங்க.”

முதலில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. மிதிக்க மிதிக்க, வெறும் ஆயில் மட்டும் வந்தது. அண்ணன் பெடலை அழுத்திக்கொண்டே எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். பெடல் தானாகக் கொஞ்சம் இறங்கி நின்றது.

“பூஸ்டர் பிடிக்குதுடா.”

இருவரும் அதே இறக்கத்தில் ஒரு சுற்றுப் போனார்கள். வேலிக்கு வெகு முன்னாலேயே வண்டி சொன்ன பேச்சுக் கேட்டு நின்றது.

திரும்பி வந்தபோது அண்ணி சாப்பாடு எடுத்து வைத்திருந்தாள். “ரெண்டு பேரும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க. போன தடவை துண்டெல்லாம் கறுப்பு.”

அவள் உள்ளே போனதும் தம்பி தயங்கினான்.

“அண்ணே, கார் உங்களுக்கா எனக்கான்னு நாளைக்குக் கோர்ட்ல தீர்ப்பு சொல்லிடுவாங்களாம்.”

“சொல்ல மாட்டாங்க,” என்றார் அண்ணன். “கேஸ் முடியிறவரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கணும்னு சொல்லியிருக்காங்கள்ல, அது அப்படியே போகட்டும். என் வக்கீலை வாய்தா கேக்கச் சொல்லிட்டேன்.”

“நானும்தான்,” என்றான் தம்பி.