டூல் எழுதிய ஹெடர்

ஜாதவ்பூர் அலுவலகத்தில் திங்கட்கிழமை காலையிலிருந்து எந்த ப்ரோகிராமும் கம்பைல் ஆகவில்லை.

"எல்லா ப்ரோகிராமுக்கும் தலையில சேர்க்குற சி ஹெடர் ஃபைலை எழுதுற டூல்லதான் சார் கோளாறு. ஒரு டேட்டா டைப்புக்குள்ள அதே டைப் திரும்ப வந்தா அங்கேயே நின்னுடுது," என்றாள் ஜெயப்ரியா.

"நாலு வருஷமா ஒழுங்காத்தானே எழுதிச்சு?" என்று மேலாளர் முருகானந்தம் எரிந்து விழுந்தார்.

"ஒரு நாளும் முழுசா எழுதல சார். பழைய ஃபைல்ல பதிவான பேரையும் நேரத்தையும் பாத்தேன். ஹெடர் வேலை பாத்த ஃபிராங்க்ளின் சார் தினமும் சாந்த்ராகாச்சியிலேர்ந்து முதல் ரயிலைப் பிடிச்சு வந்து, நாம வர்றதுக்குள்ள மிச்சத்தைக் கையால எழுதி வச்சிருக்கார்."

"சொல்லவே இல்லையே மனுஷன். உடனே கூப்பிடு அவரை."

"கூப்பிட்டேன் சார். போன வாரம் நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த லெட்டரை வாசிச்சுக் காட்டிட்டு போனை வச்சிட்டார்."

"எந்த லெட்டர்?"

"'ஹெடர்களை டூலே எழுதிவிடுவதால், தங்கள் பணி இனித் தேவையில்லை.'"